சிவப்பு எழுத்தில் ஏழு பேர்

அக்காவுக்காக அந்தச் சின்ன புரோகிராமை எழுதியபோது எனக்கு ஒரு பெருமை இருந்தது: அது எதற்கும் நிற்காது.

அக்கா திருவரங்குளம் பக்கத்தில் கிராம செவிலியர். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை கம்பெனிக்கு வேலை பார்ப்பவள். கர்ப்பிணிகளின் பெயர், போன் நம்பர், கடைசி மாதவிலக்குத் தேதி எல்லாவற்றையும் அவள் செல்போனில் பதிந்து எனக்கு அனுப்புவாள். அந்தத் தேதியிலிருந்து கணக்குப் போட்டு, பரிசோதனைக்கு முந்தின நாள் அவரவருக்கு என் புரோகிராம் மெசேஜ் அனுப்பும். ஏதாவது பெயரில் பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த பெயருக்குப் போய்விடும்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்.

ஒரு மதியம் அக்கா வந்து நின்றாள்.

"ஏண்டி, தைலமரக்காட்டுக்கு அங்கிட்டு ஒரு பொண்ணு ரெண்டு மாசமா வரவே இல்ல. ஒன் மெசேஜ் போகுதா?"

"போகுதுக்கா. ஒரு எரர்கூட வரல."

"வா, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

ஸ்கூட்டரில் போனோம். செம்மண் பாதையில் இரண்டு பக்கமும் தைலமரங்கள். வெயில் இலைகளுக்குள் நுழைந்து துண்டு துண்டாக எங்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு தூரம் போனாலும் அதே மரத்தைக் கடப்பது போலவே இருந்தது.

அந்தப் பெண் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. ஒரு வாரமாகத் தலைவலி என்றாள். அக்கா பிரஷர் பார்த்தாள், ரொம்பக் கூடியிருந்தது. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

"தலைவலின்னா சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

"நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க. பக்கத்து வீட்டுக்கெல்லாம் மெசேஜ் வருது, எனக்கு மட்டும் வரல. நான் வேணாம்னு விட்டுட்டீங்களோன்னு நெனச்சேன்."

ஆம்புலன்ஸில் அவளோடு அக்கா ஏறிக்கொள்ள, நான் வீடு திரும்பி லேப்டாப்பைத் திறந்தேன். கண்டுகொள்ளாதே என்ற அந்த வரியை அழித்தேன். புரோகிராம் எழுதும் எடிட்டரில், ஒரு வரி எழுதினால் உடனே பதில் தரும் கட்டத்தில், ஒவ்வொரு பெயராக ஓட்டிப் பார்த்தேன். பதினோராவது பெயரில் சிவப்பு எழுத்து வந்தது. இது தேதி இல்லை என்றது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் அக்கா எழுதியிருந்தாள்: 'சப்பரம் வந்ததுக்கு மறுநாள்'.

அந்தக் கால் வீங்கிய பெண்ணின் பெயர்தான் அது.

மேற்கொண்டு ஓட்டினேன். 'கடலை புடுங்கி முடிச்ச வாரம்.' 'பெரிய மழ விட்ட அன்னிக்கு.' 'தம்பி ஊருக்குக் கெளம்புன வெள்ளிக்கெழம.' மொத்தம் ஏழு பேர். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. திரையில் அந்தச் சிவப்பு வரிகளை வாசிக்க வாசிக்க, நிலக்கடலையின் ஈர மண் வாசனையும் மழை விட்ட பிறகு தெருவில் வரும் வெளிச்சமும் அறைக்குள் வந்துவிட்டன. முகம் தெரியாத ஏழு பெண்கள் தங்கள் நாட்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை மாதமும் நான் கேட்காமல் கடந்து போயிருக்கிறேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அவுங்க சொன்னத அப்படியே போட்டேன். பெறகு காலண்டர் பாத்து தேதி போடுவோம்னு இருந்தேன், மறந்துட்டேன்" என்றாள்.

"ஒன் தப்பு இல்லக்கா. மெஷின் ஒன்ட்ட கேட்டுருக்கணும். கேக்காதன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."

மற்ற ஆறு பேரையும் அன்று பொழுது சாய்வதற்குள் கூப்பிட்டுவிட்டோம். ஆறு பேரும் நன்றாக இருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சில நாட்களில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து பிறகு கொடுத்தார்கள். பெண் குழந்தை. வீட்டுக்கு வந்ததும் போய்ப் பார்த்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

அவள் குழந்தையை என் மடியில் வைத்து, "தலைய நல்லாப் புடிச்சுக்கங்க" என்றாள்.