மூடியைத் திறக்கச் சொன்னவருக்கு

என் கணவர் செல்வம் சாவின் விளிம்புக்குப் போனதற்கு நீங்கள்தான் காரணம். நம் தமிழ்ச் சங்க இணையப் பக்கத்தில் மைக்ரோவேவ் ரிப்பேர் வீடியோ போட்ட உங்களைத்தான் சொல்கிறேன். தட்டு சுற்றவில்லை என்றால் அடியிலுள்ள சக்கரத்தைக் கழுவுங்கள், உள்ளே பொறி பறந்தால் சுவரிலிருக்கும் கருகிய அட்டையை மாற்றுங்கள் என்றீர்கள். அதுவரை சரி. பிறகு, “சூடு வரலைன்னா பயப்படாதீங்க. பிளக்கைப் புடுங்கிட்டா அது வெறும் தகரப் பொட்டி. தொறந்து பாருங்க” என்று சிரித்தீர்கள்.

எங்களுடையதில் விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, சோறு மட்டும் உள்ளே போன அதே குளிரோடு வெளியே வந்தது. கனடாவுக்கு வந்து ஆறு மாதம். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அடுப்பும் மைக்ரோவேவும் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரி மார்கரெட்டுடையவை. அந்தம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். பொருளைக் கெடுத்துவிட்டோம் என்று காலி பண்ணச் சொன்னால் இந்தப் பனியில் எங்கே போவது என்றார் செல்வம். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல.

சீர்காழிக்கு மேற்கே என் அப்பா வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுதார். குத்தகைக்காரர் பெயரைப் பதியலாம் என்று சட்டம் இருந்தது. எங்கள் ஊரில் பதியப் போனவர்கள் அடுத்த சாகுபடிக்கு வயலில் இல்லை. பம்ப்செட்டுக்குக் கரண்ட் இலவசம் என்று அரசாங்கம் அறிவித்தது. இலவசம் நிலத்துக்காரர் பெயருக்கு, ஷாக் எங்களுக்கு. மோட்டார் நின்றால் லைன்மேனைக் கூப்பிட முடியாது. வந்தால் யார் சாகுபடி என்று கேட்பார், பேச்சு மிராசுதார் காதுக்குப் போகும். அதனால் அப்பாவே திறப்பார். மூன்று பேஸ் மோட்டாரை இரண்டு பேஸ் கரண்ட்டில் ஓட்ட எல்லோரும் கண்டன்சர் போட்டிருந்த காலம். ஒரு குறுவையில் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தார். அணைத்த பிறகும் கண்டன்சர் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை அவசரத்தில் மறந்துவிட்டார். தூக்கியடித்தது. மூன்று விரல்கள் அதன்பின் மடங்கவேயில்லை. வரப்பில் வழுக்கி விழுந்தார் என்று அம்மா ஊருக்குச் சொன்னாள்.

நீங்கள் சொன்னபடியே செல்வம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கியபோது உள்ளே ஓர் அலுமினிய டப்பா தெரிந்தது. கண்டன்சர். “தொடாதீங்க” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஸ்க்ரூடிரைவர் அதில் பட்டு டப்பென்று வெடித்தது. அதன் முனை உருகிவிட்டது. அவர் ஃபிரிட்ஜில் மோதிச் சரிந்து கிடந்தார். உதடு நீலம். மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. பிறகு கண் திறந்தார். முதலில் கேட்டது இதைத்தான்.

“மேல கேட்டிருக்குமா?”

கேட்டிருந்தது. மார்கரெட் இறங்கி வந்தார். செல்வம் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு “நோ ப்ராப்ளம்” என்றார். அந்தம்மா ஒளித்த கையைப் பார்த்தார், அழுத என் முகத்தைப் பார்த்தார். இவர் உன்னை அடித்தாரா, போலீசைக் கூப்பிடவா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். திறந்து கிடந்த பெட்டியைக் காட்டினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவர்தான். கெட்டால் மாற்றித் தருவது என் வேலையாயிற்றே, ஏன் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மிராசுதாரைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

ஒரு நாள் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படுத்திருந்து செல்வம் பிழைத்து வந்தார். புதுப் பெட்டியும் வந்தது. அது உறுமும்போது இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்குகிறோம். பழுதைச் சொல்வது என் உரிமையாம், வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். நேற்று குழாய் ஒழுகியது. மார்கரெட்டிடம் சொல்லப் படியேறினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. மேலே அவர் கதவு, கீழே சொட்டும் தண்ணீர். திரும்பி வந்து அடியில் சட்டியை வைத்தேன்.

நீங்களும் மயிலாடுதுறைப் பக்கம் என்கிறார்கள். கண்டன்சர் என்ன செய்யும் என்று உங்களுக்கா தெரியாது? மூடியைத் திறக்காதே, தெரிந்தவரைக் கூப்பிடு என்று ஏன் சொல்லவில்லை? இதைக் கேட்டு நான் எழுதிய கமெண்டை ஏன் அழித்தீர்கள்? தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம். அதே பக்கத்தில், அந்த வீடியோவுக்குக் கீழே, எல்லோரும் படிக்கும்படி உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.