அப்பா உடைத்த பூசணிக்காய்

எங்களுடையது பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவக் குடும்பம். சிவகாசியில் அப்பா போர்மேனாக இருந்த பட்டாசு ஆலையில் அது எவருக்கும் இடையூறாக இருந்ததில்லை. தீபாவளி முடிந்து ஆலை மீண்டும் திறக்கும் நாளில் பூசை நடக்கும். கணக்குப்பிள்ளை திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பார். அப்பா சற்றுத் தள்ளிக் கைகட்டி நிற்பார். எங்களுக்கும் பொரி கிடைக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அந்த ஏற்பாடு குலைந்தது. அந்த சீசனில் மருந்து அடைக்கும் அறையொன்று வெடித்து இரண்டு பெண்கள் இறந்திருந்தார்கள். ஆலை திறந்த நாளில், புதிதாகக் கட்டிய அறைக்குள் கால்வைக்க மற்றப் பெண்கள் மறுத்தார்கள்.

"தெனமும் மொத ஆளாக் கதவத் தெறக்கிறது நீகதான ஐயா. நீக ஒடச்சாத்தான் நாங்க உள்ள வருவோம்" என்று அப்பாவிடம் சொன்னாள் அவர்களில் மூத்தவள்.

"அவுக சாமிக்குப் பூசணிக்கா ஆகாதுக்கா, விடு" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

"செத்தது எந் தங்கச்சி. எந்தச் சாமிக்கு ஆகும், ஆகாதுங்கிறதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றாள் மூத்தவள்.

அப்பா முதலாளியைப் பார்த்தார். முதலாளி தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, சூடம் எரிந்த பூசணிக்காயை வாங்கி, அறை வாசலில் ஓங்கி உடைத்தார்.

செய்தி தேவாலயத்துக்கு எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஞாயிறன்று திருவிருந்துக்கு மண்டியிட்ட வரிசையில், போதகர் அப்பாவைத் தாண்டி அடுத்தவருக்கு அப்பம் கொடுத்தார். அப்பா எழவில்லை. கடைசி ஆள் எழும்வரை மண்டியிட்டே இருந்தார். வெளியே சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் அம்மாவிடம், "அண்ணாச்சி அடுத்து அலகு குத்துவாகளோ?" என்று கேட்டார். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வெடிகளைச் சலுகை விலையில் கேட்டு எங்கள் வீட்டுக்கு வருபவர் அவர். பூசை போட்ட ஆலையின் வெடி அவருடைய விசுவாசத்தை ஒருபோதும் கெடுத்ததில்லை. இறந்த பெண்களின் வீட்டுப் படியை அந்தக் கமிட்டியில் ஒருவர்கூட மிதிக்கவில்லை.

ஆனால் அன்று என் கோபம் அப்பாமீதுதான். குடும்ப மானத்தைப் போட்டு உடைத்தவர் என்று கருதி, பல நாள் அவரோடு பேசவில்லை. அவர் காலையில் ஆலை வேன் வருமுன் நெடுநேரம் ஜெபிக்கத் தொடங்கினார். மன்னிப்புக் கேட்கிறார் என்று எண்ணித் திருப்தியடைந்தேன். எல்லாருக்கும் முன்பாகத் தனியே அந்த அறைக் கதவைத் திறக்கவேண்டிய மனிதர் ஜெபிப்பதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.