மருமகளிடம் விட்ட வீடு

மயிலாப்பூர் வக்கீலின் அறையில், மின்விசிறிக் காற்றுக்குக் காகிதங்கள் பறக்காமலிருக்க உயிலின் மேல் ஒரு பித்தளைப் பிள்ளையாரை வைத்திருந்தார்கள். பிள்ளையாரை நகர்த்தி நகர்த்தித்தான் வக்கீல் படித்தார். வீடு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இருந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் படித்தார். வீட்டை இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்பதை என் மருமகள் சொல்லட்டும். “சட்டப்படி இதுக்குப் பெரிய பலம் கிடையாதும்மா. அவரோட விருப்பம், அவ்வளவுதான்” என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் நாத்தனாரும் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையாரைப் பார்த்தேன். மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. அந்த வரி ஏன் என்னைக் குழப்பியது என்று புரிய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டை இடியுங்கள், இடியுங்கள் என்று முப்பத்தோரு வருடமாகச் சொல்லிவந்தது இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். தெரிந்தே பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பாரா ஒரு மனிதர்? என் மேல் இருந்த நம்பிக்கையா, கோபமா, கடைசியாக ஒரு குறும்பா? மாமா குறும்பு செய்து நான் பார்த்ததில்லை. அவர் பேசியே நான் அதிகம் பார்த்ததில்லை.

வீடு மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அந்த இடம் நிஜமாகவே மாட்டு மந்தைகள் மேய்ந்த வெளியாக இருந்தபோது கட்டிய கிராமத்து வீடு என்று சொல்வார்கள். முன்பக்கம் ஓடு, நடுவில் முற்றம், பின்பக்கம் தேக்குக் கட்டைகளை வரிசையாக அடுக்கி அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ். தெருவுக்குத் தார் போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வாசற்படிகள் மூன்றும் மண்ணுக்குள் போய்விட்டன. மற்றவர்கள் வீட்டுக்குள் ஏறிப் போவார்கள், நாங்கள் இறங்கிப் போவோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய வீடுகளைப் பார்க்கிற கூட்டம் ஒன்று கேமராவோடு வரும். தூணைத் தடவிப் பார்த்து ஆகா என்பார்கள். பாத்ரூம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது என்றதும் ஆகா நின்றுவிடும். ஒருமுறை அவர்களில் ஒருவர், “இது லிஸ்ட்ல இருக்காங்க?” என்று கேட்டார். பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் என்று அரசாங்கம் போட்டிருக்கும் பட்டியலைக் கேட்கிறார். இல்லை என்றேன். “அப்போ நீங்க இடிச்சா யாரும் கேட்கமாட்டாங்க” என்று மிகவும் வருத்தப்பட்டார். அப்போது எனக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. இப்போது நினைத்தால், பட்டியலில் இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. அரசாங்கத்தைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நான் மேற்கு மாம்பலத்தில் இரண்டு அறைப் போர்ஷனில் வளர்ந்தவள். சின்ன இடம்தான், ஆனால் பாத்ரூம் உள்ளேயே இருந்தது, மழை வெளியே மட்டும் பெய்தது. கல்யாணம் ஆகி வந்த முதல் ஐப்பசியில், எங்கள் படுக்கையறையில் சரியாக என் தலையணை இருக்கிற இடத்தில் சொட்டியது. கட்டிலை நகர்த்தினோம். நகர்த்திய இடத்திலும் சொட்டியது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், யாரைப் பார்த்தும் சொல்லாமல் ரசத்தைப் பார்த்து, “இந்த வீட்டை இடிச்சுக் கட்டினாத்தான் விடிவுகாலம்” என்றேன். புது மருமகள் சொல்கிற பேச்சா அது? என் வீட்டுக்காரர் நெளிந்தார். மாமா மோரை ஊற்றிக்கொண்டு, பிசைந்து, சாப்பிட்டு, எழுந்து போய்விட்டார். சரி என்றும் இல்லை, போடி என்றும் இல்லை. ரயில்வே பார்சல் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். வருகிற மூட்டையை வாங்கி வைத்துக்கொள்வதுபோல நான் சொன்னதையும் வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தாரா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஆனால் நான் எப்போதெல்லாம் கத்தினேனோ, அதற்கு அடுத்த வாரம் மேஸ்திரி வருவார். ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து அப்போதெல்லாம் நடந்தே வந்துவிடுவார். இருவரும் மாடிக்குப் போவார்கள். மாமா கையால் காட்டுவார், மேஸ்திரி தலையாட்டுவார். இரண்டு நாள் தட்டுகிற சத்தம் கேட்கும். ஐந்தாறு வருடம் ஒழுகாது. பிறகு வேறோர் இடத்தில் ஆரம்பிக்கும். நான் மறுபடியும் ரசத்தோடு பேசுவேன். இதற்கும் என் பேச்சுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. இந்த மனுஷர் காதில் எதுவும் ஏறாது, வீட்டுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் இவருக்குப் பொழுதுபோக்கு என்று என் அம்மாவிடம் புலம்பியிருக்கிறேன்.

உயில் படித்த இரண்டாவது மாதம், பில்டர் ஒருவர் ஒப்பந்தக் காகிதத்தோடு வந்துவிட்டார். நான்கு மாடி, லிஃப்ட், ஆளுக்கொரு ஃபிளாட். நாத்தனார் அடையாறில் வாடகை வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள், லிஃப்ட் கிடையாது. முழங்கால் தேய்ந்துபோய், ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பேரைச் சொல்லி ஏறுகிறாள். பிறந்த வீட்டை இடிக்க அவளுக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. “அண்ணி, எத்தனை வருஷமா கேட்டீங்க, இப்ப உங்க கையிலேயே குடுத்துட்டாரு. சட்டுனு சரின்னு சொல்லுங்க” என்றாள். என் வீட்டுக்காரரிடம் கேட்டால், “அப்பா உன்னத்தானே சொல்லச் சொன்னாரு” என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சரி என்ற இரண்டெழுத்து என் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருதடவை பார்த்துவிடலாமே என்று சாக்குச் சொன்னேன்.

தெரிந்தவர்கள் மூலம் ஓர் இன்ஜினியர் பெண் வந்தாள். மேஸ்திரியையும் வரச்சொன்னோம். அவருக்கு இப்போது அறுபதுக்கு மேல். ஆற்றங்கரை வீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு அவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டதால், இரண்டு பஸ் மாறி வருகிறார். மொட்டைமாடியில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரமாக வெட்டி இறக்கச் சொன்னாள் அந்தப் பெண். வெட்டினார், வெட்டினார், கட்டை வரவே இல்லை. முழங்கை வரை கை போனபிறகுதான் தேக்கு தட்டுப்பட்டது. அந்தக் குழியின் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். அடுக்கு அடுக்காக ஐந்து தளம். தட்டை ஓடு, அதன்மேல் சிமென்ட், மறுபடி தட்டை ஓடு, மறுபடி சிமென்ட், எல்லாவற்றுக்கும் மேலே உடைந்த வெள்ளை டைல்ஸ் பதித்த தளம்.

“எல்லாம் என் கைதாம்மா” என்றார் மேஸ்திரி. கரணையின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். “இது நீ வயித்துப் புள்ளயோட இருக்க சொல்லோ போட்டது. பெரியவரு சொன்னாரு, அந்தப் பொண்ணு தல மேல சொட்டுதுப்பா, சீக்கிரம் போடுன்னு. இது உங்க அம்மா வந்து தங்குனப்போ. இது பையன் புக்கெல்லாம் நனைஞ்சிப் போச்சின்னு நீ அழுதியாமே, அப்போ.” எனக்குத் தெரிந்த என் வாழ்க்கையை ஒரு கொத்தனார் கரணையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் ஐந்து சண்டைக்கும் ஐந்து தளம்.

இன்ஜினியர் பெண் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள். “ஆன்ட்டி, தேக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கு. மேல ஏத்தி ஏத்தி வெச்சிருக்கீங்களே, அந்த வெயிட்டுதான் வளைக்குது. ஒவ்வொரு தடவையும் பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டிருக்கணும்.” அப்படியானால் இடிக்க வேண்டுமா என்று கேட்டேன். “பாரத்தை இறக்கி, ஓரத்துல ரெண்டு மூணு கட்டை மாத்தினா நிக்கும். இடிச்சுக் கட்டறதும் தப்பில்ல. அது நீங்கதான் சொல்லணும்” என்று அவளும் என்னிடமே தள்ளிவிட்டுப் போனாள்.

அன்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கேட்காத மனிதர் என்று நான் நினைத்தவர் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார். அதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நான் பாதி நாள் கத்தாமலே இருந்திருப்பேன். நான் கத்தக் கத்த அவர் போட, அவர் போடப் போட வீடு வளைந்திருக்கிறது. இதில் குற்றம் யாருடையது? அவரை நினைத்து உருகுவதா, படத்தின் முன் நின்று நாலு வார்த்தை திட்டுவதா என்று தெரியாமல் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன்.

அடையாறுக்குப் போய் நாத்தனாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு வியப்பாகவே இல்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே, “அப்பாவுக்கு அந்த வீடு பிடிக்கவே பிடிக்காது அண்ணி, தெரியுமா?” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஆஸ்பத்திரியில இருக்கும்போது சொன்னாரு. எங்கப்பன் கட்டிக்காத்த வீடு, நான் பிடிக்கலைன்னு எப்படிச் சொல்றது? என் கையால இடிக்கவும் மாட்டேன். உங்க அண்ணனுக்கும் தைரியம் கிடையாது, உனக்கும் கிடையாது. அந்தப் பொண்ணுதான் தைரியசாலி, அவ இடிச்சுடுவான்னாரு.” அவள் முகத்தில் ஆசை தெரிந்தது. லிஃப்ட் வைத்த வீட்டின் ஆசை. அதில் தப்பே இல்லை. “அதனாலதான் உங்ககிட்ட விட்டாரு. இனிமே என்ன அண்ணி யோசனை?”

புதிர் விடுபட்டுவிட்டது. இனி என் மனசு லேசாகியிருக்க வேண்டும். மந்தைவெளி வரும்வரை ஆட்டோவில் உட்கார்ந்து, அவர் விரும்பியதும் அதுதான், நான் விரும்பியதும் அதுதான், நாத்தனாருக்குத் தேவையும் அதுதான் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் இறங்கி, செருப்பை விட்டு, முற்றத்தைத் தாண்டும்போது மட்டும் யாரோ என்னை ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது.

மறுநாள் மேகம் கறுத்திருந்தது. மேஸ்திரி மாடியில் வெட்டிய குழியை மூடக் காத்துக்கொண்டிருந்தார். “இன்னாமா, அடைச்சிரட்டா? ரெண்டு சட்டி கலவை போட்டா போதும்.”

“போடாதீங்க. மேல இருக்கறதை எல்லாம் எடுத்துடுங்க, கட்டை தெரியற வரைக்கும்” என்றேன்.

“எடுக்கறேன். இடிக்கறதுக்கா, வெச்சிக்கறதுக்கா?”

நான் அவரையே கேட்டேன். “நீங்க என்ன சொல்றீங்க மேஸ்திரி?”

அவர் கரணையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “இத்தினி வருசமா வந்துகினு கீறேன், இந்த வூட்ல என்னாண்ட ஒரு கேள்வி கேட்டது இன்னிக்கித்தான். பெரியவரு போடுன்னாரு, போட்டேன். பழச எடுக்காம மேல போடக் கூடாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” குழிக்குள் கையை விட்டுக் கட்டையைத் தட்டிப் பார்த்தார். “கட்டை நல்லா கீதும்மா. பாரத்த எறக்கி ஒரே தளமா போட்டுத் தரேன், ஒரு மழைய பாரு. அப்பால நீ இன்னா வேணா பண்ணு. ஆனா இடிக்கறதுன்னா வேற ஆளக் கூப்புட்டுக்கோ. எங்க வூட்ட இடிக்க சொல்லோ ஒரு வார்த்தை எங்கள கேக்கல. நின்னு பாத்தேன். ஒரு வூடு இடியறத பாத்தது போதும் எனக்கு.”

நாலு நாளில் பழைய தளங்கள் எல்லாம் சாக்கு மூட்டைகளாகத் தெருவுக்குப் போயின. கட்டைகளுக்கு மேல் ஒரே ஒரு தளம் போட்டு, அது காய்வதற்குள் மழை வந்துவிடப் போகிறதே என்று தார்ப்பாயும் கட்டியாயிற்று. அன்று சாயங்காலம் தெற்கே இடி கேட்டது. நான் அறையில் கட்டிலில் உட்கார்ந்து விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுகினால் வழி சுலபம், பில்டர் காகிதம் மேஜை மேல்தான் இருந்தது. ஆனால் நான், முருகா, ஒழுகக் கூடாது, ஒழுகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி வேண்டினேனோ தெரியாது. அதை உணர்ந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

முதல் தூறல் விழுவதற்குள் நாத்தனாருக்குப் போன் செய்தேன். இந்த வீட்டில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் செய்த வேலைகளெல்லாம் போதும் என்று, எந்தப் பீடிகையும் போடாமல் சொன்னேன். “எனக்கு இந்த வீடு பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. ஆனா ஒழுகினாலும் இடிக்க வேண்டாம். உனக்கு நான் பெரிய கெடுதல் பண்றேன்னு தெரியுது. முன்னறையை உனக்கு ஒழிச்சுத் தரேன், உள்ளேயே பாத்ரூம் கட்டலாம், படி ஏற வேண்டாம். வந்துடு.”

மழை அடையாறில் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, போனில் அந்தச் சத்தம் கேட்டது. பிறகு அவள் மெதுவாக, “அப்பா உங்க விஷயத்துல தப்புக் கணக்குப் போட்டுட்டாரு அண்ணி” என்றாள். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.