பூனை ஏறிய கடைசிப் பெட்டி

பிழைக்கப் போன நாட்டில், அந்த ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பூனை என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேரைக் கூப்பிட ஆளில்லை. நடந்தால் காலடி கேட்காது; தும்மினால்கூடக் கைக்குட்டைக்குள் தும்முவாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேற்பார்வைக்காரி கறாராகச் சொன்ன பாடம் அது: தங்க வந்தவர்கள் கண்ணில் படாதே, காதிலும் விழாதே. யாராவது எதிரே வந்தால் அழுக்குத்துணி வண்டியோடு சுவரோரம் ஒதுங்கு. பின்பக்கப் படி இருக்க முன்பக்கம் எட்டிப் பார்க்காதே. மற்றவர்கள் வேலை முடிந்ததும் அந்தப் பாடத்தைச் சீருடையோடு கழற்றி மாட்டிவிட்டுப் போனார்கள். இவள், மகராசி, வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனாள்.

வீடென்ன வீடு, ஒற்றை அறை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இரவு வேலைக்காரர்கள் பகலெல்லாம் தூங்குவார்கள். ஆறு வயது மகளும் மூன்று வயது மகனும் சிரிப்பு வந்தால் தலையணையைத் தேடுவார்கள். அந்தப் பிள்ளைகளிடம் இவள் அதிகம் பேசிய பேச்சு "ஷ்ஷ்" என்பதுதான்.

கணவன் நேர் எதிர். பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில் அவனுக்குக் கட்டட வேலை. வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். எப்போதாவது வருவான், வந்ததும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி, "எங்க, கத்துங்க பாப்போம்!" என்பான். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுவான். இவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

அந்த மனுஷன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். மேஸ்திரி போன் செய்தார்.

"தங்கச்சி, பதறாதே. முதுகெல்லாம் நொறுங்கிப் போச்சு. சாயங்காலம் ஆப்பரேஷன். பொழைப்பானான்னு டாக்டரே வாயைத் திறக்க மாட்டேங்கிறார். புள்ளைங்க மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்னு அடம் பிடிக்கிறான். உடனே கிளம்பு."

கிளம்பினாள். கிடைத்த பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். சரியான பெட்டிதான், கடவுள் புண்ணியத்தில் இடமும் இருந்தது. ஆனால் சின்னவன் அழ ஆரம்பித்தான். பிஸ்கட் கொடுத்தாள், துப்பினான். சன்னலைக் காட்டினாள், இன்னும் வீறிட்டான். எதிரே இருந்தவர் செய்தித்தாளைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். எழுந்து போ என்று ஒரு ஈ காக்கை சொல்லவில்லை. இவளாகவே எழுந்தாள். பையைத் தோளில் மாட்டி, சின்னவனை இடுப்பில் வைத்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பின்னால் நடந்து, கடைசிப் பெட்டிக்கு வந்தாள். ஆளே இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

பெரிய நிலையம் ஒன்றில் வண்டி நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். அந்த நாட்டுப் பாஷையில் இவளுக்குத் தெரிந்தது போர்வை, துண்டு, சீக்கிரம், இவ்வளவே. மகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள்.

"அம்மா, இந்தப் பெட்டி..."

"ஷ்ஷ்! இப்பதான் கண்ணை மூடியிருக்கான்."

"இல்லம்மா, பிரிச்சு..."

இவள் உள்ளங்கையால் மகளின் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்கவே இல்லை. முன்பாதி வண்டி கிளம்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து இவர்கள் இருந்த பாதி வேறு தண்டவாளத்தில் நகர்ந்தது. மகள் சன்னலைப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதாள். அப்பா நினைப்பு போலிருக்கிறது, பாவம், என்று இவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பரிசோதகர் வந்து டிக்கெட்டைப் பார்த்ததும் குனிந்து மகளிடம்தான் பேசினார்.

"முன்னாடி இருந்த பெட்டிங்கதான் அப்பா ஊருக்காம். இதைக் கழட்டி வேற ஊருக்கு இழுத்துட்டுப் போறாங்களாம்." மகள் மெதுவாகச் சொன்னாள். "அதைத்தாம்மா அப்பவே சொன்னேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, காத்துக் கிடந்து, திரும்பும் வண்டியைப் பிடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அந்த வண்டியில் நல்ல கூட்டம். நின்றுகொண்டே மேஸ்திரிக்குப் போன் செய்தாள்.

"இனிமே காத்திருக்க முடியாதாம் தங்கச்சி, ஆப்பரேஷனுக்குத் தள்ளுவண்டியில ஏத்திட்டாங்க. குரலையாவது கேக்கணுங்கிறான். காதுல வைக்கிறேன், புள்ளையைப் பேசச் சொல்லு."

போனை மகளிடம் கொடுத்தாள். மகள் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பழகிய மாதிரியே, "அப்பா" என்று கிசுகிசுத்தாள்.

"கேக்கலையே கண்ணு." அவன் குரல் நைந்து வந்தது. "எங்க, கத்து பாப்போம்."

"அப்பா" என்றாள் மறுபடியும். உதடு அசைந்தது, பக்கத்தில் நின்ற இவளுக்கே கேட்கவில்லை.

"கத்துடி!" என்று இவள் அலறினாள். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். "பாப்பா கூப்பிடுறா! கேக்குதா?"

"கூட்டிட்டுப் போயிட்டாங்க தங்கச்சி" என்றார் மேஸ்திரி.

அவர்கள் போய் இறங்கியபோது மேஸ்திரி நடைமேடையில் தனியாக நின்றார். சின்னவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவன் இனி இல்லை என்று இவளுக்குப் புரிந்துவிட்டது.

மகள் இவள் கையை இழுத்தாள். "நான் சத்தமாச் சொல்லியிருக்கணுமாம்மா?"

பெட்டியைக் கேட்கிறாளா, போனைக் கேட்கிறாளா என்று இவளுக்குத் தெரியவில்லை.

"நீ சொன்னடி தங்கம். இந்தக் கைதான் உன் வாயைப் பொத்துச்சு" என்றவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து அழாத அழுகையெல்லாம் வாய்விட்டு அழுதாள். போகிறவர் வருகிறவர் நின்று பார்த்தார்கள்.

மகள் பக்கத்தில் குத்தவைத்து, தன் சின்ன உள்ளங்கையால் இவள் வாயைப் பொத்தினாள்.

"ஷ்ஷ். அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."