சித்திக்குத் தராத ஆரத்தி

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த நீர் சிவந்து கிடந்தது. பட்டுக்கோட்டைக் கல்யாண மண்டபம், மணமேடையில் நான். தட்டை எடுக்கக் குனிந்த சித்தியின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். “நீ வேணாம்டி. போன வாரந்தான் டிவியில உனக்குப் பொட்டழிச்சாங்க. ஊரே பாத்துச்சு.”

சித்தி வாழ்நாளெல்லாம் சினிமாவிலும் சீரியலிலும் நடித்தவள். கதாநாயகியாக ஒருநாளும் இல்லை. மருமகளைப் படுத்தியெடுக்கும் மாமியார், வக்கீலிடம் கெஞ்சும் ஏழைத் தாய், இப்படி. அவள் முகம் தெரியாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. பெயர்தான் யாருக்கும் தெரியாது. விதவை வேஷம் என்றால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கிளிசரின் இல்லாமலே அழுவாள், ஒரே டேக்கில் முடிப்பாள். “என் அழுகையிலதான்டி உன் சித்தப்பாவுக்கு பைக்கே வந்துச்சு” என்று சிரிப்பாள். அந்த மாதிரிக் காட்சி இருக்கும் நாட்களில் சித்தப்பா ஷூட்டிங் முடியும்வரை வெளியே காத்திருப்பார். அவள் வந்ததும் தன் கையாலேயே குங்குமம் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். யூனிட்டே கேலி செய்யும். மனுஷர் விடமாட்டார்.

அவர் அன்றைக்கு மேடைக்குப் பக்கத்திலேயே, பட்டு வேட்டியில், குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருந்தார். புருஷன் உயிரோடு நிற்கும்போதே பெண்டாட்டியை விதவை என்று ஒதுக்குகிறார்கள், என்ன கூத்து இது! எனக்கு வாய்வரை வந்தது. மாமியார் வீட்டார் பார்க்கிறார்களே என்று விழுங்கிவிட்டேன். “சரிக்கா” என்று சிரித்துக்கொண்டே சித்தி பந்தியைக் கவனிக்கப் போனாள். மேடையில் அவளை விலக்கியபோது தலையாட்டிய அதே பெண்கள் அங்கே அவளோடு செல்பி எடுக்க முண்டியடித்தார்கள். சித்தப்பா சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

போன மாதம் அவர் நிஜமாகவே போய்விட்டார். கடைசிக் காலத்தில் இருவரும் ஊரோடு வந்துவிட்டிருந்தார்கள். பதினாறாம் நாள் சித்தியை நடுவீட்டில் உட்கார வைத்து, தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் போட்டு, பொட்டழிக்கச் சுற்றி நின்றார்கள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. “சீரியல்ல என்னமா அழுவா, சொந்தப் புருஷனுக்கு அழ வரலையே” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இன்னொருத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள், வீடியோ எடுக்க.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! “போனை உள்ள வைங்க. இவங்களுக்கு இன்னும் எத்தனை தடவைதான் அழிப்பீங்க? ஊரே பாத்தாச்சுல்ல, போதும். யாரும் தொடக்கூடாது” என்று கத்திவிட்டேன். அம்மாதான் முதலில் விலகினாள். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

சித்தியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனேன். வெட்கக்கேடு, ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட நினைப்புதான் எனக்கு. இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் என் கன்னத்தைத் தொட்டாள்.

“இதை உன் கல்யாணத்தன்னிக்குச் சொல்லியிருந்தா, அவரும் கேட்டிருப்பாருடி” என்றாள்.

அதற்கப்புறம்தான் அழுதாள்.