சுருளியம்மாள் கேட்ட டிஸ்சார்ஜ்

"நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்கு டிஸ்சார்ஜ்" என்று போடி ஆஸ்பத்திரி நர்ஸம்மா சிரித்த முகத்தோடு சொன்னதும் சுருளியம்மாள் எழுந்து புருஷனின் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டாள்.

அந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. கூலி கூட்டிக் கேட்ட மொக்கையனைப் பார்த்து ஏலத்தோட்டத்து மேனேஜர் அதைத்தான் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அவன் சட்டிபானையெல்லாம், தோட்டம் கூலியாட்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டுக்கு வெளியே கிடந்தன. இப்போது அதே தோட்டத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் பேச்சிமுத்து, ஜீப்பு கவிழ்ந்து கால் முறிந்து கிடக்கிறான். காலையில்தான் தோட்டத்து சூப்பர்வைசர் ஜக்கையன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, டாக்டரிடம் ஒதுங்கி நின்று ஏதோ பேசிவிட்டுப் போனான். ஒருநாளும் முகங்கொடுத்துப் பேசாதவனுக்கு இதென்ன திடீர்க் கரிசனம்?

"அந்தப் பழத்தத் தொடாதீக" என்றாள் புருஷனிடம். "எல்லாம் கூட்டுக் களவாணிக."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ராஜாராம் டுடோரியலில் இங்கிலீஷ் நடத்துகிறவர்.

"ஏன் தாயி பதறுறீக? சார்ஜுன்னா ஆதியில வண்டியில பாரம் ஏத்துறது. லத்தீன்ல வண்டியக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்துச்சு. டிஸ்சார்ஜுன்னா ஏத்துன பாரத்த எறக்குறது. ஆஸ்பத்திரியில சொன்னா வீட்டுக்கு அனுப்புறது, தோட்டத்துல சொன்னா வேலைய விட்டு அனுப்புறது. பேட்டரி தீந்தாலும் அதே சொல்லுதான்."

"இவுக எதச் சொன்னாகன்னு யாரு கண்டா?"

இந்த மனுஷனும் ஜக்கையனுக்கு வேண்டியவரோ என்று ஓடியது அவள் மனம். புருஷனை அங்கேயே விட்டுவிட்டு, வீட்டைப் பார்க்க, மலைமேல் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் ஏறிவிட்டாள்.

லயத்தில் அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஜக்கையன் அவள் டிரங்குப் பெட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான்.

"என் வீட்டுல ஒனக்கென்ன சோலி?"

"ரெண்டு மாசம் நடக்க முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வேலை செய்யாதவனுக்கு வீடு எதுக்கு?"

நர்ஸம்மா சொன்னது நல்ல சேதிதான் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. டாக்டரும் கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். கேட்டவன்தான் கெட்டவன்.

"நான் ஏலக்காய் எடுக்கலயா? நானும் இந்தத் தோட்டத்து ஆளுதான!"

பெட்டியை உள்ளே தள்ளி, வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். காயெடுத்துத் திரும்பிய பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளருகே வந்து நின்றார்கள். "அவள வீட்ட விட்டு எறக்குனா நாளைக்கு ஒருத்தியும் காட்டுக்குள்ள எறங்க மாட்டோம்" என்றாள் பாண்டியம்மாள். காயெடுப்பு மும்முரமான நேரம். ஜக்கையன் பெண்களை விலக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் போடிக்கு இறங்கிப் பேச்சிமுத்தை அழைத்து வந்தாள். ரெண்டு மாசத்தில் அவன் கால் கோணலாகத்தான் கூடியது. அதன்பின் அவனுக்கு ஸ்டோரில் காய் உலர்த்தத் தீ போடுகிற வேலை. ஜக்கையன் எதிரே வந்து நலம் விசாரித்தால் மட்டும், சுருளியம்மாள் ஒருமுறை வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.