கொல்லையில் ஐந்து சேனை

சருகைக் கண்டால் என் அண்ணாவுக்கு ஆகாது. ஸ்ரீவராகம் கோயில் பக்கத்து எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் கொல்லையைப் பெருக்கிக் குவித்துக் கொளுத்திவிட்டுத்தான் அவருக்குக் காப்பி. சுத்தமாம். வறட்டு ஜம்பம் என்பேன் நான்.

வீடு எங்கள் இருவருக்கும் பொது. கார் நிறுத்தக் கொல்லை முழுக்க இண்டர்லாக் கல் பாவ வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். எனக்கோ மிஞ்சியிருந்த மண் அது ஒன்றுதான். மாசியில் முளைவிட்ட சேனைத் துண்டுகள் ஐந்தை வாங்கி வந்தேன். குழி வெட்டாமல் தரைமேலேயே வைத்து, சாணம் போட்டு, சருகால் கனமாக மூடினேன்.

“மண்வெட்டி தொடாம சேனையா? நன்னாருக்கு, கேட்டியோ! திருவாதிரைக் கூட்டுக்கு உன் சேனை வந்துதுன்னா கொல்லை உனக்கு. இல்லேன்னா கல்லு” என்றார். மன்னி சாட்சி.

மறுநாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் துண்டுகள் வெயிலில் கிடந்தன, சருகு சாம்பலாகியிருந்தது. “பெருக்கறச்சே சேந்து வந்துடுத்துடா” என்றார். சாயங்காலம் நான் மூடுவேன், காலையில் அவர் பெருக்குவார். மாதக்கணக்கில் இதே கூத்து. அவரை மனதார வெறுத்தேன். இன்றும் அதற்கு வருத்தமில்லை. நாலு செடிகள் சுருண்டு சீக்கிரமே மடிந்தன. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், துடைப்பம் எட்டாத இடத்தில் வைத்தது மட்டும் குடை விரித்து நின்றது.

மார்கழியில் அங்கே சருகை விலக்கினேன். குடத்தளவு சேனை. திருவாதிரையன்று களியோடு கூட்டை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்ட அண்ணா, கையை அலம்பிவிட்டு, “அஞ்சு வெச்சு ஒண்ணுதானே வந்தது?” என்றார். மன்னி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

தை பிறந்ததும் கல் வந்து இறங்கியது. பாவ வந்தவர் நாகர்கோவில்காரர். “மண்ணைக் கொஞ்சம் வெட்டி எடுத்துட்டுப் போடணும் சார். அடியில சின்னதா நாலு கிழங்கு கெடக்கு.”

“வெட்டவே வேண்டாம். மேலயே மணலைப் பரப்பிக் கல்லைப் போடும்” என்றார் அண்ணா.

மணல் அள்ள நானே கூடை எடுத்துக் கொடுத்தேன்.

முதல் கோடைமழைக்கு நாலு இடத்தில் கல் தூக்கிக்கொண்டது. ஒன்று காருக்கு நேர் அடியில். துடைப்பமும் கையுமாக நின்றார் அண்ணா.

“என்னடா இது?”

“சேனை. வெட்டாம வெச்சா வராதுன்னேளே.”

பக்கத்து வீட்டு மாமரத்தடிச் சருகை ஒரு கூடை அள்ளி வந்து, அவர் பார்க்கப் பார்க்க, நாலு முளைமேலும் கொட்டினேன்.